சாப்பிடாமல் வந்தவர்

"சரியாப் பாத்தீங்களா?"

பினாங்கில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் காதில் விழுந்த கேள்வி இதுதான். ரத்தம் கொடுத்தவர் கேட்பார், அவர் மனைவி கேட்பார், துணைக்கு வந்த மச்சான் கேட்பார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. போகப் போகக் கோபப்படவும் தெம்பில்லை. "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்று முனகிவிட்டு அடுத்த குழாயைக் கையில் எடுப்பேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பழைய கடைவீடு. கீழே காப்பிக்கடை. மாடியில் முன்பக்கம் டாக்டரின் அறை, பின்பக்கம் என் அறை. டாக்டர் சீனர், சிங்கப்பூரில் படித்தவர், அதிகம் பேசமாட்டார். நான் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் ரசாயனக் கூடத்தில் குழாய் கழுவுவதில் தொடங்கி, தொழிலைக் கற்றுக்கொண்டு கப்பலேறியவன். என்னோடு அவர் ஆங்கிலத்தில் பேசுவார், தமிழ் நோயாளிகளோடு மலாயில் பேசுவார். அவர்களுக்குப் புரியாததை நான் தமிழில் சொல்ல வேண்டும். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

என் அறையில் மின்விசிறி இருந்தது, போடக் கூடாது. போட்டால் தராசுத் தட்டு ஆடும். ஜன்னல் இருந்தது, சாத்தக் கூடாது. சாத்தினால் வெளிச்சம் போய்விடும். ஸ்பிரிட் விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அந்த ஊர்ப் புழுக்கத்தில், விளக்குப் பக்கத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்து வண்ணம் பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஊரில் என் அக்கா மட்டும் தம்பி பினாங்கில் பெரிய விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை நான் திருத்தவில்லை.

சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது சின்ன வேலை. நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால் போதும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், முற்றிப்போனால் செங்கல் நிறம். வேலை சின்னதுதான், ஆனால் அதைக் கொண்டுவருகிறவர்களைச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஓர் அம்மாள் ரோஜா சர்பத் பாட்டிலைக் கழுவாமல் அதிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். கொதித்ததும் நல்ல செங்கல் நிறம். படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். மறுநாள் நான் கொடுத்தனுப்பிய புட்டியில் கொண்டுவந்தார், நீலம் அசையவில்லை. ஒரே நாளில் நோயை விரட்டிவிட்டேன் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பாட்டிலைப் பற்றி இரண்டு தடவை விளக்கினேன். அவர் கும்பிடுவதை நிறுத்தவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

ரத்தத்தில் பார்ப்பது வேறு விவகாரம். ரத்தத்தில் மருந்துகளைச் சேர்த்து, கட்டியானதை வடிகட்டி, தெளிந்த நீரைச் செம்பு மருந்தோடு கொதிநீரில் வைத்து, கடைசியில் இன்னொரு மருந்தை ஊற்றினால் நீலம் எழும். சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு நீலம். நாமே நிறுத்துக் கரைத்த சர்க்கரைத் தண்ணீர் ஒன்றையும் அதே மாதிரி நீலமாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். ஒரு கருவியில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். மேலே கண்ணை வைத்தால் ஒரு வட்டம் தெரியும். அதில் பாதி நோயாளியின் நீலம், பாதி நம்முடைய நீலம். இரண்டு பாதியும் ஒரே நிறமாகும்வரை திருகைத் திருப்பி, நிற்கும் இடத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் மனிதனுக்கு நோய் உண்டா இல்லையா என்று டாக்டர் சொல்லுவார்.

எது ஒரே நிறம் என்பதில்தான் தகராறு. எனக்கு ஒன்றாகத் தெரிந்த நீலம் டாக்டருக்கு ஒன்றாகத் தெரியாது. எப்போது பார்த்தாலும் அவர் எண் என் எண்ணைவிடச் சற்று மேலே இருக்கும். காலையில் முதல் குழாயைப் பார்க்கும் கண் வேறு, ஏழெட்டுக் குழாய்க்குப் பிறகு நீர் கோத்து நிற்கும் கண் வேறு. அந்தக் கண்ணுக்கு எல்லா நீலமும் ஒன்றுதான். மழை மேகம் திரண்டால் திருகை எங்கே நிறுத்தினாலும் சரி என்று தோன்றும். எதிர்வீட்டுக்காரர் பண்டிகைக்கு வெள்ளைச் சுவருக்கு மஞ்சள் அடித்தபோது, என் ஜன்னலுக்குள் வந்த வெளிச்சமே மஞ்சளாகிவிட்டது. சண்டை போட எனக்கு ஆசைதான். அவர் சுவர், அவர் பண்டிகை, நான் போய் என்ன கேட்பது? டாக்டர் ஒரு வெள்ளைத் துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் அந்த டிரைவர் வந்தார். ஆயிர் ஈத்தாம் தடத்தில் ஒரு சின்னக் கம்பெனியின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர். காக்கிச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நாற்பதை நெருங்கும் வயது. சில நாளுக்கு முன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு கணம் கண்ணயர்ந்து, முன்சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் வழியில் அடிக்கடி பஸ்ஸை நிறுத்தி ஒதுங்குகிறார், தண்ணீராகக் குடித்துத் தள்ளுகிறார் என்று ஏற்கெனவே பேச்சிருந்தது. முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: சர்க்கரை வியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் வண்டி, இல்லாவிட்டால் வேறு டிரைவர்.

"லைசென்ஸ் ஒண்ணுதாண்ணே எங்கிட்ட இருக்கு," என்றார் என்னிடம். "வண்டி போச்சுன்னா மறுபடி அக்கரைக்குப் போயி, தோட்டத்துல பால்மரம் வெட்டணும். பதினஞ்சு வயசுலேர்ந்து வெட்டுனவன்ணே நான். அந்த லயத்துக்குத் திரும்பிப் போக மாட்டேன்லா."

அக்கரை என்றால் கடலுக்கு அந்தப்புறம், பட்டர்வொர்த்துக்கும் அப்பால் உள்ள ரப்பர்த் தோட்டங்கள். லயம் என்றால் அங்கே மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள். அவர் சொன்ன விதத்தில் எனக்கு மனம் கொஞ்சம் கரைந்தது. ஆனால் அன்றைக்கு வரிசையில் இன்னும் ஆறேழு பேர் நின்றார்கள்.

அவருடைய சிறுநீர் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே நின்றது. அதை வைத்து ஒருவர் பிழைப்பில் கை வைக்க டாக்டருக்கு மனமில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். "பேசோக் பாகி ஜாங்கான் மாக்கான்," என்று மலாயில் அவரிடமே சொன்னார். நான் தமிழிலும் சொன்னேன்: "நாளைக்குக் காலையில சாப்பிடாம வாங்க."

"சரிண்ணே, சாப்பிட மாட்டேன்," என்றார்.

மறுநாள் காலையில் மாடியேறி வந்தவர், "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். அந்த ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்பார்கள். எனக்கு அது வணக்கம் மாதிரி ஒரு வார்த்தை. "ஆச்சு" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தேன். அன்றைய எண் கோட்டுக்கு நன்றாக மேலே நின்றது. கோடு என்று நாங்கள் சொன்னது, டாக்டர் மனதில் வைத்திருந்த எல்லை. அதற்குமேல் போனால் வியாதி.

டாக்டர் எண்ணைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை எடுப்போம்," என்றார் ஆங்கிலத்தில். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, தன்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டார். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் உடம்பு சோர்ந்துபோயிற்று. மறுபடி அதே ரத்தம், அதே வடிகட்டல், அதே நீலம்.

இரண்டாம் தடவை எல்லாம் சொதப்பியது. ரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. வெறும் தண்ணீரில் ஊற்றினாலே நீலம் காட்டியது. புதிதாகக் காய்ச்சி ஆறவைப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. அதுவரை அவர் ரத்தம் அந்தப் புழுக்கத்தில் குழாயில் கிடந்தது. உடம்பைவிட்டு வந்த பிறகும் ரத்தம் சும்மா இருப்பதில்லை, தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே தின்றுகொண்டிருக்கும். அதைத் தடுக்க ஓர் உப்பு உண்டு. அது தீர்ந்துபோய் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தோம். அதனால் எண் கோட்டுக்குக் கீழே வந்தபோது டாக்டரும் நானும் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஆனால் டிரைவர் வாசலில் நின்றிருந்தார். நாங்கள் பேசிய ஆங்கிலத்தில் 'லோ' என்ற ஒரு சொல் மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. "கொறஞ்சிருச்சா!" என்று கத்தினார். நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் படிகளில் இறங்கி ஓடிவிட்டார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாராம்.

அடுத்த நாள் அவரிடம் உண்மையைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. குழாயில் கிடக்கும் ரத்தம் சர்க்கரையைத் தின்னும் என்றால் யார் நம்புவார்கள்? அவர் முகம் சிவந்துவிட்டது.

"மொத நாளு இருக்குன்னீங்க. நேத்து இல்லேன்னு ஆச்சு. இன்னிக்குத் தெரியாதுன்றீங்க. என்ன கணக்குண்ணே இது? எம் பொழப்பு உங்களுக்கு வெளையாட்டா?"

"ரத்தம் குடுக்கிறது உங்க வேலை, பாக்கிறது என் வேலை," என்று நானும் வெடுக்கென்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே கசந்தது. அவர் கேட்டதில் என்ன தப்பு? அதையேதான் நான் ராப்பகலாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கப்பல் வரும்வரை டாக்டரும் நானும் அந்த அறையை அலசி எடுத்தோம். சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியின் அடியில் பஞ்சு மாதிரி ஏதோ பூத்திருந்தது. அதைக் கொட்டினோம். புதிதாக நிறுக்கப்போனால் சர்க்கரை ஊர் ஈரத்தைக் குடித்துக் கனத்திருந்தது. அதை உலர்த்தினோம். அளந்து ஊற்றும் கண்ணாடிக் குழாய் ஒன்றின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் உடைந்திருந்தது. ஒவ்வொன்றும் எண்ணைக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். எல்லாம் ஒரே பக்கம் தள்ளினால் நல்லவனை நோயாளியாக்கலாம். நான் இத்தனை காலமாக எத்தனை பேருக்கு எண் சொல்லியிருப்பேன் என்று யோசிக்கத் தொடங்கி, பயந்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன். டாக்டர் மட்டும் சலிக்காமல் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

உப்பு வந்து சேர்ந்தது. மூன்றாம் தடவை ரத்தம் எடுக்க வந்த டிரைவர் கோபத்தை எல்லாம் மறந்திருந்தார். "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றார் பழையபடி. "ஆச்சு" என்றேன் நானும் பழையபடி. எண் முதல் நாளைவிட மேலே போயிற்று. டாக்டர் எண்ணும் என் எண்ணும் கொஞ்சம் விலகித்தான் இருந்தன, ஆனால் இரண்டும் கோட்டுக்கு வெகு மேலே. டாக்டர் பேனாவைத் தேடினார்.

டிரைவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியமாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கும் துணிவில்லாமல், நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கீங்க. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்களேன்."

"ஆமாண்ணே, இன்னும் சாப்பிடல. காலையில பசியாறினதோட சரி."

நான் நின்றேன். "காலையிலன்னா? இங்க வர்றதுக்கு முன்னாலயா?"

"ஆமா. கீழ கடையிலதான்."

"என்ன பசியாறினீங்க?"

"எப்பயும் போலதாண்ணே. ரொட்டி பாக்கார், காயா தடவி. கோப்பி சூசு ரெண்டு கப்பு."

ரொட்டி பாக்கார் என்றால் சுட்ட ரொட்டி. காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்பு. கோப்பி சூசுவில் டின்பால் ஊற்றும்போது கரண்டி நிற்கும், அத்தனை கெட்டி, அத்தனை தித்திப்பு.

"சாப்பிடாம வாங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"சாப்பிடலியேண்ணே!" அவர் முகம் வாடிவிட்டது. "நீங்க சொன்னதிலேர்ந்து ஒரு நாளும் சாப்பிட்டுட்டு வரல. சத்தியமா சோத்தத் தொடல."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் சாப்பாடு என்றால் சோறு. காலையில் ரொட்டியும் காப்பியும் வயிற்றுக்குள் போவதற்குப் பெயர் பசியாறுவது. இரண்டும் வேறு வேறு. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று அவர் கேட்டது இதைத்தான். எனக்குத்தான் அது வெறும் வணக்கமாகக் காதில் விழுந்தது. அறைக்குள் ஓடி டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் பார்த்தேயிராதபடி சிரித்தார். சாப்பிடுவதற்குத் தான் மலாயில் சொன்ன மாக்கானுக்கும் அதே கதிதான் ஆகியிருக்கிறது என்றார். சர்க்கரையை உலர்த்தினோம், சுவருக்குத் துணி கட்டினோம், கண்ணாடியைத் தேய்த்தோம். கோளாறு கீழே காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அப்ப கோப்பிதான் காரணமாண்ணே? எனக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்றார் டிரைவர்.

"நாளைக்குப் பாத்துடுவோம்," என்றேன். என் குரலிலும் சந்தோஷம் இருந்தது. அவருக்கு ஒன்றுமில்லை என்று நான் உண்மையாகவே நம்பிவிட்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது கால் வலிகூடக் குறைவாக இருந்தது.

மறுநாள் அவர் மனைவியும் கூட வந்தார். காவலுக்கு வந்தவர் மாதிரி கணவர் கையைப் பிடித்திருந்தார். "நேத்து ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் குடுக்கலண்ணே. கடையத் தாண்டும்போதுகூடத் திரும்பிப் பாக்க விடல," என்றார். டிரைவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் என்னைப் பசியாறிவிட்டீர்களா என்று கேட்கவில்லை.

எல்லாம் முறைப்படி நடந்தது. உப்புப் போட்ட குழாயில் ரத்தம். எடுத்த கையோடு வேலையைத் தொடங்கினேன். புதுச் சர்க்கரைத் தண்ணீர், புது மருந்து, நுனி சரியான குழாய். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவருடைய ரத்தத்தை இரண்டு குழாய்களில் தனித்தனியாகச் செய்தேன். நான் படித்த எண்ணை டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் வந்து கண்ணை வைத்தார், வெகுநேரம் திருகினார், தன் எண்ணைச் சொன்னார். நான் என் எண்ணைச் சொன்னேன். நாங்கள் சேர்ந்து வேலை செய்த காலத்தில் அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே எண்ணைச் சொன்னது அன்றுதான்.

எண் கோட்டுக்கு மேலே இருந்தது. காப்பி குடித்துவிட்டு வந்த நாட்களைவிடக் குறைவுதான். ஆனாலும் மேலே. இனி சந்தேகப்பட எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. மருந்து, வெளிச்சம், கண், காப்பி என்று ஒவ்வொன்றாக நாங்கள்தான் அப்புறப்படுத்தியிருந்தோம். அவை குழப்பிக்கொண்டிருந்தவரை அந்த மனிதருக்கு வண்டி இருந்தது.

டாக்டர் சுருக்கமாக எழுதி மடித்துக் கொடுத்தார். உணவைப் பற்றி மலாயில் மெதுவாக எடுத்துச் சொன்னார். அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சரியாப் பாத்தீங்களாண்ணே?"

எங்கேயாவது தவறியிருக்கிறேனா என்று அவசர அவசரமாக மனதுக்குள் தேடினேன். ஒரு சொட்டு கூடியிருக்கலாம், ஒரு மேகம் கடந்திருக்கலாம். ஒன்றும் அகப்படவில்லை. தப்பு செய்திருக்கக் கூடாதா என்று என் வேலையில் நான் ஏங்கியது அந்த ஒரு தடவைதான்.

"சரியாத்தான் பாத்தோம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு அனுமதி கேட்கிற குரலில் கேட்டார்:

"அப்ப நான் இப்பப் பசியாறலாமாண்ணே?"

மூவரும் கீழே இறங்கினோம். காப்பிக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கேட்காமலே எப்போதும் போல் ரொட்டியும் காயாவும் டின்பால் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். டிரைவர் அதைத் தொடவில்லை. அவர் மனைவி தட்டையும் கோப்பையையும் மெல்ல என் பக்கம் நகர்த்தினார். "நீங்க பசியாறுங்கண்ணே," என்றார். நான் பசியாறியாச்சு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.